5, 4, 3, 2, 1, 0: பின்லாந்தின் 1932

(வாசகர் வட்டம் ஒன்றின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையில் பேனாவும் தாளும் வைத்திருப்பவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 1932ஆம் ஆண்டு, ஏப்ரல் 5, காலை 10 மணி. இப்போது இதை பின்லாந்துக்காரர்கள் எழுதுகிற மாதிரி எழுதுங்கள். முதலில் நாள், அடுத்து மாதம், அடுத்து ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், கடைசியில் மணி. என்ன வருகிறது? 5, 4, 3, 2, 1, 0. வாணவேடிக்கைக்குத் திரி வைப்பவன் எண்ணுவதுபோல் இறங்குவரிசையில் வருகிறது. அந்தப் பத்து மணிக்கு பின்லாந்தின் நகரங்களில் அரசு மதுக்கடைகள் கதவைத் திறந்தன. பதின்மூன்று ஆண்டு மதுவிலக்கு அந்த நிமிடத்தோடு முடிந்தது. அந்த நாட்டில் இன்றும் இந்த ஆறு எண்களைச் சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொண்டு சிரிப்பார்கள்.

மதுவிலக்கு என்ற சொல்லுக்கு இந்த ஊரில் யாரும் உரை எழுதத் தேவையில்லை. ஆனால் இன்று நான் மதுவைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. அந்தக் கடைகள் திறப்பதற்கு ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு முன்னால் அதே நாடு உள்நாட்டுப் போரின் வாசல்வரை போய்த் திரும்பியது. இரண்டு கதைகளும் ஒரே ஆண்டில் நடந்தவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆண்டு விளங்கும். ஒன்று, மக்களுக்குப் பிடிக்காத சட்டத்தை எப்படி இறக்கிவைப்பது என்ற கதை. மற்றது, சட்டத்தைத் துப்பாக்கியால் வளைக்க வந்தவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது என்ற கதை.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்லாந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ரஷ்ய ஜாரின் ஆட்சிக்குள் இருந்த நாடு. 1917 டிசம்பர் 6இல் விடுதலையை அறிவித்துக்கொண்டது. அறிவித்த இரண்டே மாதத்துக்குள் உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் தொழிலாளரும் நிலமற்றவரும் சேர்ந்த செம்படை. மறுபக்கம் அரசும் நிலமுள்ள விவசாயிகளும் சேர்ந்த வெண்படை. 1918 ஜனவரி கடைசியில் தொடங்கி மே மாதம் முடிந்தது. வெண்படை வென்றது. முப்பது லட்சத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நூற்றுக்கு ஒருவர்! அவர்களில் 12,000 பேருக்கு மேல் சண்டையில் சாகவில்லை. போர் முடிந்தபின் கைதி முகாம்களில் பசியாலும் நோயாலும் செத்தார்கள். ஒரே கிராமத்தில் கொன்றவன் வீடும் செத்தவன் வீடும் எதிரெதிரே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே தேவாலயத்துக்குப் போக வேண்டும். இந்தப் புண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1932இல் நடந்ததெல்லாம் அந்தப் புண்ணின் மேல் நடந்ததுதான்.

இனி மதுவிலக்கு. அது மேலிருந்து திணித்த சட்டம் அல்ல. 1907இல், பெண்களும் வாக்களித்துப் பெண் உறுப்பினர்களும் அமர்ந்த முதல் பாராளுமன்றம், தொடங்கிய ஆண்டிலேயே மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜார் ஒப்புதல் தரவில்லை. ஆகவே மதுவிலக்கு கேட்பது ஒருவகையில் சுதந்திரம் கேட்பதாகவே ஆகிவிட்டது. கடைசியில் 1919 ஜூன் 1ஆம் தேதி சட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல நோக்கத்தோடு, நல்லவர்கள் கேட்டு வாங்கிய சட்டம்.

பிறகு நடந்தது என்ன? கடல் குறுக்கே எஸ்தோனியா. அதற்கப்பால் ஜெர்மனி. கப்பல்கள் எல்லைக் கடலுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். படகுகள் இரவில் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு தீவுகளுக்கு இடையே புகுந்து மறையும். பின்லாந்தின் தெற்குக் கரையில் ஆயிரக்கணக்கான குட்டித் தீவுகள். சுங்கப் படகுக்குப் பிடிபடாமல் இருக்க இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. குளிர்காலத்தில் கடலே உறைந்துவிட்டால் பனிச்சறுக்கு வண்டி. வந்த சரக்கு பீரும் அல்ல, ஒயினும் அல்ல. பத்து லிட்டர் தகரக் கேன்களில் அடைத்த சுத்தமான சாராயம். அதற்கு 'பிர்த்து' என்று பெயர். கடத்துகிறவன் கணக்கு எளிமையானது: ஒரே கேனில் எவ்வளவு வீரியம் அதிகமாக அடைக்க முடியுமோ அவ்வளவு லாபம். நாடு வீரியம் மிகுந்த சாராயத்துக்கு மாறியது அப்படித்தான்.

உணவகத்தில் உட்கார்ந்து தேநீர் கேட்டால் பரிசாரகர் ஒரு பார்வை பார்ப்பார். 'கெட்டித் தேநீரா?' என்பது அந்தப் பார்வையின் பொருள். கோப்பையில் வருவது தேநீரும் பிர்த்துவும். மருத்துவர்கள் சிலர் சாராயத்தை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். நாட்டில் திடீரென்று அத்தனை பேருக்கு ஒரே நோய்! கடத்தல்காரர்களில் பேர்போனவர் அல்கோத் நிஸ்கா. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பின்லாந்துக்காகக் கால்பந்து ஆடியவர். சட்டத்தை ஏமாற்றிய அவர் ஊரில் வில்லன் ஆகவில்லை, நாயகன் ஆனார். ஒரு சட்டத்துக்கு இதைவிடக் கெட்ட சகுனம் வேறில்லை. சட்டத்தை மீறுகிறவனைப் பார்த்து ஊர் பயப்படாமல் கைதட்டினால், அந்தச் சட்டம் செத்துவிட்டது என்று பொருள். அடக்கம் செய்வதுதான் பாக்கி.

அடக்கத்தை முறையாகச் செய்தார்கள். 1931 டிசம்பர் கடைசியில், நாட்டின் வரலாற்றிலேயே முதல்முறையாக மக்களிடம் நேரடி வாக்கெடுப்பு. மூன்று வழிகள் கேட்கப்பட்டன: மதுவிலக்கு அப்படியே இருக்கட்டுமா, வீரியம் குறைந்த பானங்களை மட்டும் விடலாமா, முழுதாக எடுத்துவிடலாமா? முழுதாக எடுத்துவிடு என்றவர்கள் 70 சதவீதத்துக்கு மேல். பெண்களிலும் பெரும்பான்மை அப்படியே சொன்னது. நடுவழியைக் கேட்டவர்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. பாராளுமன்றம் கூடிப் புதுச் சட்டம் செய்தது. உலகப் பொருளாதாரம் சரிந்து கஜானா காலியாகிக் கிடந்த காலம். மது வரியின்மேல் அரசுக்கு ஒரு கண் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அரசே நடத்தும் ஏகபோக விற்பனை நிறுவனம் வந்தது. கடைகள் நகரங்களில் மட்டும்தான்; கிராமப்புறம் 1969வரை காத்திருந்தது.

இந்தக் கதையை இங்கே நிறுத்திவிட்டு மற்ற கதைக்கு வருகிறேன். இரண்டும் ஏப்ரலில் சந்திக்கும்.

பின்லாந்தின் மேற்கே லாபுவா என்றொரு ஊர். பக்தியும் பிடிவாதமும் நிறைந்த விவசாயிகளின் ஊர். 1918இல் வெண்படைக்கு ஆள் கொடுத்த வட்டாரம். 1929 நவம்பரில் கம்யூனிஸ்டு இளைஞர்கள் அங்கே கூட்டம் போட்டார்கள். சிவப்புச் சட்டை போட்டு வந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களைப் பிடித்து அடித்து, சட்டையைக் கிழித்தார்கள். லாபுவா இயக்கம் அங்கே பிறந்தது. தலைவர் விஹ்தோரி கோசொலா என்ற விவசாயி.

முதலில் கிழிந்தது சட்டை. சில மாதம் கழித்து வாசா நகரத்தில் ஓர் இடதுசாரி அச்சகம் உடைந்தது. அடுத்தது ஆட்கள். இயக்கத்துக்காரர்கள் ஒருவனைக் காரில் தூக்கிப் போட்டு, இரவோடு இரவாக நாட்டின் கிழக்கு எல்லைக்குக் கொண்டுபோய், சோவியத் பக்கம் தள்ளிவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருந்த சொல்லுக்கு 'ஏற்றிக்கொண்டு போய் விடுவது' என்றுதான் பொருள். ஏதோ உறவினரை ரயிலடிக்கு ஏற்றிப்போவது மாதிரி! 1930இல் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட கடத்தல்கள். சிலர் கொல்லப்பட்டார்கள். அந்த ஜூலை 5ஆம் தேதி பாராளுமன்றக் குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள்ளேயே நுழைந்து இரண்டு உறுப்பினர்களை இழுத்துப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 7ஆம் தேதி, 12,000 விவசாயிகள் தலைநகர் ஹெல்சிங்கியில் அணிவகுத்தார்கள். அவர்களை வரவேற்றவர்கள் யார்? நாட்டின் அதிபர், வெண்படைத் தளபதி மன்னர்ஹெய்ம், அந்த வாரம்தான் பிரதமரான ஸ்வின்ஹூவுத். இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வையுங்கள். அவர்தான் இந்தக் கதையின் நடுநாயகம். அந்த ஆண்டு கடைசிக்குள் லாபுவா கேட்டது பெரும்பாலும் கிடைத்துவிட்டது. கம்யூனிஸ்டுகளைப் பொதுவாழ்விலிருந்து விலக்கும் சட்டங்கள் வந்தன. கூடவே 'குடியரசுப் பாதுகாப்புச் சட்டம்' என்று ஒன்று. நாட்டுக்கு ஆபத்து வந்தால் அரசுக்கு அசாதாரண அதிகாரம் தரும் சட்டம். லாபுவாக்காரர்கள் கைதட்டி வரவேற்றார்கள். அந்தக் கைதட்டலையும் குறித்து வையுங்கள்.

கேட்டதெல்லாம் கிடைத்த பிறகு ஓர் இயக்கம் கலைந்து வீட்டுக்குப் போகுமா? போகாது. ருசி கண்ட பூனை. 1930 அக்டோபர் 14ஆம் தேதி காலை, ஹெல்சிங்கியில் நடந்துபோய்க்கொண்டிருந்த முதியவர் ஒருவரையும் அவர் மனைவியையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த முதியவர் ஸ்டோல்பெர்க். பின்லாந்து குடியரசின் முதல் அதிபர். அதன் அரசியல் சட்டத்தை வடித்த சட்ட அறிஞர். நாட்டின் கிழக்கே யோயென்சூ நகரம்வரை கொண்டுபோய் விட்டார்கள். கம்யூனிஸ்டைத் தூக்கியபோது வாய்மூடி இருந்தவர்கள்கூட இப்போது திடுக்கிட்டார்கள். இராணுவத் தலைமை அலுவலகத்தின் தலைவர் வல்லேனியுஸ் மீதே வழக்கு வந்தது. பதவி போனது. கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் தப்பினார். நேராகப் போய் லாபுவா இயக்கத்தின் செயலாளரானார்.

1931 பிப்ரவரியில் அதிபர் தேர்தல். 300 தேர்வாளர்கள் வாக்களிக்க வேண்டும். கடைசிச் சுற்றில் களத்தில் நின்றவர்கள் இருவர்: கடத்தப்பட்ட ஸ்டோல்பெர்க், லாபுவாவின் நம்பிக்கைக்குரிய ஸ்வின்ஹூவுத். முடிவு 151க்கு 149. இரண்டே வாக்கில் ஸ்வின்ஹூவுத் அதிபரானார்.

இந்த மனிதரைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஸ்வின்ஹூவுத் என்ற சுவீடிஷ் குடும்பப் பெயருக்குப் பன்றித் தலை என்று பொருள். குடும்பச் சின்னத்திலும் காட்டுப்பன்றியின் தலைதான். ஊர் அவரைச் செல்லமாக 'உக்கோ-பெக்கா' என்றது; பெக்காக் கிழவர் என்று வைத்துக்கொள்ளலாம். வேட்டைப் பிரியர், குறி தவறாதவர். தொழிலால் நீதிபதி. ஜார் ஆட்சியில் ரஷ்ய அதிகாரி ஒருவருடைய நியமனம் சட்டப்படி செல்லாது என்று சொல்லி, அவருக்குக் கீழ்ப்படிய மறுத்தார். அதற்காக 1914இல் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1917 புரட்சிக்குப் பிறகுதான் திரும்பி வந்தார். விடுதலையை அறிவித்த அரசுக்கு அவரே தலைவர். உள்நாட்டுப் போரில் ஹெல்சிங்கி செம்படை வசமானபோது, பனி உடைக்கும் கப்பலில் ஏறித் தப்பிப் போய், ஜெர்மனி வழியாகச் சுற்றிக்கொண்டு வெண்படையின் பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

ஆகவே அவர் ஜனநாயகத்தின் தூய விளக்கு அல்ல. செம்படைக்காரர்களிடம் இரக்கம் காட்டியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குடியரசைவிட மன்னராட்சியை விரும்பியவர். 1930இல் லாபுவா விவசாயிகளின் முன்னால் நின்று அவர்களை வரவேற்றவர். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பிடிவாதம்: சட்டம் என்றால் சட்டம். ஜாரிடம் காட்டிய அந்தப் பிடிவாதத்தைத் தன் நண்பர்களிடம் காட்டுவாரா? 1932 கேட்ட கேள்வி இதுதான்.

பிப்ரவரி 27, 1932, சனிக்கிழமை. ஹெல்சிங்கிக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி மேன்ட்சேலா என்ற ஊர். அங்கே ஒஹ்கொலா கிராமத்துத் தொழிலாளர் மன்றத்தில் சமூக ஜனநாயகக் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் மிக்கோ எரிக் பேசுவதாக ஏற்பாடு. அவர் பேச்சைத் தடுக்க நானூறு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். மன்றத்தை நோக்கிச் சுட்டார்கள். கூட்டம் நின்றது.

வந்தவர்கள் யார்? வெறும் ரவுடிகள் என்றால் போலீஸ் போதும். அவர்கள் குடிக்காவல் படையைச் சேர்ந்தவர்கள். 1918 வெண்படையின் வாரிசாக, சட்டப்படி இயங்கிய தன்னார்வப் படை அது. நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரு லட்சம் உறுப்பினர்கள். சம்பளம் வாங்கும் இராணுவத்தைவிடப் பல மடங்கு பெரியது. பள்ளி ஆசிரியர், பண்ணைக்காரர், பாதிரியார் மகன் என்று ஊரின் மரியாதைக்குரிய ஆட்கள். அவர்கள் கலைந்து போகாமல் மேன்ட்சேலாவிலேயே தங்கிக் கூடாரமடித்துவிட்டார்கள். லாபுவா இயக்கத்தின் தலைமை வந்து சேர்ந்து கலகத்தைத் தன் கையில் எடுத்தது. வேறு ஊர்களிலும் ஆயிரக்கணக்கில் ஆள் திரண்டார்கள். அரசு விலக வேண்டும், நாட்டின் போக்கு மாற வேண்டும் என்பது கோரிக்கை. பத்து ஆண்டுக்கு முன்னால் முசோலினி ரோமை நோக்கி நடந்தது அவர்கள் கண்ணில் இருந்தது.

அரசு என்ன செய்தது? பிரதமர் சுனிலாவின் அமைச்சரவை ஓர் அலமாரியைத் திறந்தது. உள்ளே குடியரசுப் பாதுகாப்புச் சட்டம். 1930இல் லாபுவா கைதட்டி வரவேற்றதே, அதே சட்டம். முதல்முறையாக அதைப் பயன்படுத்தியது, லாபுவாவின் தலைவர்கள்மீது! தான் தீட்டிய கத்தி தன் பக்கமே திரும்பும் என்று அவர்கள் நினைக்கவில்லை. சட்டம் கேட்டு வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

ஆனால் சட்டம் காகிதம். காகிதத்தை நிறைவேற்ற ஆள் வேண்டும். இராணுவத் தளபதி சிஹ்வோ தயங்காமல் அரசின் பக்கம் நின்றார். தலைநகருக்கு வரும் வழிகளைக் காக்கப் பீரங்கியும் டாங்கியும் நிறுத்தினார். அதிகாரிகளில் பலருக்குக் கலகக்காரர்கள் மேல் பரிவு இருந்தது. பதினான்கு ஆண்டுக்கு முன்னால் தோளோடு தோள் நின்றவர்கள் ஆயிற்றே. 'சுடு' என்றால் சுடுவார்களா? யாருக்கும் தெரியாது.

மார்ச் 2, புதன்கிழமை மாலை. ஸ்வின்ஹூவுத் வானொலி முன் அமர்ந்தார். பின்லாந்தில் தேசிய வானொலி தொடங்கி ஆறு ஆண்டுகூட நிறையவில்லை. எழுபது வயதை எட்டிய கிழவர், பேச்சு வன்மைக்குப் பெயர்போனவரும் அல்ல. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். என் நீண்ட வாழ்நாள் முழுவதும் சட்டத்துக்காகவும் நியாயத்துக்காகவும் போராடியிருக்கிறேன். இப்போது சட்டம் மிதிபடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆயுதத்தோடு கூடியிருக்கும் குடிக்காவல் படையினர் வீட்டுக்குத் திரும்பட்டும். திரும்புகிற சாதாரண ஆட்களுக்குத் தண்டனை இல்லை. தலைமை தாங்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சை ஒருவன் எங்கே இருந்து கேட்டிருப்பான் என்று நினைத்துப் பாருங்கள். மேன்ட்சேலாவில் பனிக்கு நடுவே நாலு நாளாகக் காத்துக்கிடக்கிறான். வீட்டில் மாட்டுக்கு யார் தண்ணி காட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. வானொலியில் வருவது செம்படைக்காரன் குரல் என்றால் கோபம் வந்திருக்கும், இன்னும் இறுகியிருப்பான். ஆனால் வருவது உக்கோ-பெக்காவின் குரல். சைபீரியாவுக்குப் போய்வந்தவர். 1918இல் தன் பக்கத்துத் தலைவர். தான் அதிபராகப் பார்க்க ஆசைப்பட்டவர். அவர் 'வீட்டுக்குப் போ' என்கிறார். அவருக்கு எதிராகத் துப்பாக்கி தூக்குவது எப்படி? அதோடு ஒரு வழியும் திறந்துவிட்டார்: போனால் தண்டனை இல்லை. கூட்டத்தையும் தலைவர்களையும் ஒரே வாக்கியத்தில் பிரித்துவிட்டார்.

கரையத் தொடங்கியது கூட்டம். மார்ச் 6ஆம் தேதி எல்லாம் முடிந்தது. கோசொலாவும் வல்லேனியுஸும் பிடிபட்டார்கள். சண்டை நடக்கவில்லை. தலைநகரைக் காத்து நின்ற பீரங்கிகளுக்கு வேலை வரவில்லை. அந்த ஆண்டே லாபுவா இயக்கம் தடைசெய்யப்பட்டது, அதே பாதுகாப்புச் சட்டத்தின்படி.

ஐந்தாவது வாரம், ஏப்ரல் 5. கடைவாசல்களில் வரிசை. பத்து மணி அடித்தது. இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மதுவிலக்குச் சட்டத்தைப் பிடிக்காதவர்கள் நாட்டில் பெரும்பான்மை. அவர்கள் யாரும் பாராளுமன்றத்தைச் சூழ்ந்து நிற்கவில்லை. வாக்குச் சீட்டு கொடுத்தார்கள், சட்டம் இறங்கியது. லாபுவாக்காரர்களுக்கு நாடு இருந்த விதம் பிடிக்கவில்லை. அவர்களுக்கும் அதே வாக்குச் சீட்டு இருந்தது. ஆனால் அவர்கள் எடுத்தது துப்பாக்கி, சட்டம் இறங்கவில்லை. ஒரே குளிர்காலத்தில், ஒரே நாடு, இரண்டு விதமாகவும் பதில் சொன்னது.

கதை இத்தோடு சுபமாக முடிந்துவிட்டது என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுகிறேன். அந்த ஆண்டின் மிச்சத்தையும் சொல்ல வேண்டும்.

உலகச் சந்தையில் மரத்தின் விலை விழுந்துகிடந்தது. காட்டை நம்பிய நாட்டில் அது உயிர்நாடியில் விழுந்த அடி. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் பண்ணைகள் ஆயிரக்கணக்கில் ஏலத்துக்கு வந்தன. 1932 ஜூனில் நிவாலா என்ற ஊரில் ஒரு கலகம் வெடித்தது. அதன் பெயர் குதிரைக் கலகம். ஓர் ஏழை விவசாயியின் குதிரைக்குத் தொற்றுநோய் என்று சந்தேகப்பட்டு, அதைக் கொன்றுவிட அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். குதிரையின் பெயர் பில்க்கு. நம் வீட்டில் 'புள்ளி' என்று கூப்பிடுவோமே, அது மாதிரி. குதிரை போனால் கோடையில் உழவு இல்லை, குளிர்காலத்தில் காட்டிலிருந்து மரம் இழுக்கும் கூலியும் இல்லை. அக்கம்பக்கத்தார் திரண்டு வந்து அதிகாரிகளை விரட்டினார்கள். அரசு போலீஸையும் படையையும் அனுப்பியது. பலர் சிறைத் தண்டனை பெற்றார்கள். அரசையே கவிழ்க்கத் துப்பாக்கி தூக்கிய மேன்ட்சேலாத் தலைவர்களுக்கு நீதிமன்றம் தந்த தண்டனையோ மிக லேசானது. ஒரு குதிரைக்காகக் கம்பு தூக்கியவனையும் ஆட்சிக்காகத் துப்பாக்கி தூக்கியவனையும் தராசில் வைத்தால், அன்றைய தராசு நேராக நிற்கவில்லை. கம்யூனிஸ்டுகள்மீது 1930இல் போட்ட தடையும் நீங்கவில்லை. மேன்ட்சேலாவின் மிச்சம் அந்த ஜூனிலேயே வேறு பெயரில் தேர்தல் கட்சியாக எழுந்தது.

அந்தக் கோடையில் நாட்டுக்கு இன்னொரு வருத்தம். ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வென்ற பாவோ நுர்மி லாஸ் ஏஞ்சல்ஸில் மாரத்தான் ஓடப் போயிருந்தார். ஜெர்மனியில் ஓடியபோது விதிக்கு மேல் படிப்பணம் வாங்கினார் என்று சொல்லி, போட்டிக்குச் சற்று முன்னால் சர்வதேசத் தடகளச் சங்கம் அவரை விலக்கியது. அதே ஒலிம்பிக்கில் தடைதாண்டும் 3,000 மீட்டர் ஓட்டத்தில் சுற்று எண்ணுகிறவர் கவனம் பிசகி, எல்லோரையும் ஒரு சுற்று கூடுதலாக ஓடவிட்டார்கள். அப்படியும் வென்றவர் பின்லாந்தின் இசோ-ஹொல்லோ. வீரரின் படிக்காசைச் சரியாக எண்ணியவர்கள், சுற்றை எண்ணத் தவறினார்கள்.

இன்னொரு காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1932 ஜனவரி 21ஆம் தேதி ஹெல்சிங்கியில் சோவியத் யூனியனோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவரை ஒருவர் தாக்குவதில்லை என்ற உறுதி. பிறகு 1945வரை நீட்டிக்கப்பட்டது. 1939 நவம்பர் 30ஆம் தேதி சோவியத் விமானங்கள் ஹெல்சிங்கிமேல் குண்டு போட்டன. ஒப்பந்தத் தாளில் இன்னும் ஆறு ஆண்டுக்கு மேல் காலம் பாக்கி இருந்தது. அந்தப் போரில் செம்படைக்காரன் மகனும் வெண்படைக்காரன் மகனும் ஒரே பதுங்குகுழியில் நின்றார்கள். 1932 மார்ச்சில் ஒரு தோட்டா பறந்திருந்தால், 1918 மறுபடி தொடங்கியிருந்தால், அந்தப் பதுங்குகுழியில் யார் யாரோடு நின்றிருப்பார்கள்?

என் முடிவைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். ஜனநாயகத்தை அதன் பக்தர்கள் மட்டுமே காப்பாற்றுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். எதிரி சட்டத்தை மீறும்போது சட்டம் பேசுவது எவர்க்கும் எளிது. ஸ்டோல்பெர்க் வானொலியில் பேசியிருந்தால் மேன்ட்சேலாவில் ஒருவனும் எழுந்திருக்கமாட்டான். தன் ஆட்கள், தன்னைத் தூக்கி நாற்காலியில் வைத்தவர்கள், அவர்கள் மீறும்போது 'வீட்டுக்குப் போ' என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. ஸ்வின்ஹூவுத் இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் சொன்னார். அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் இரவில் எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளப்பட்டவர்கள். ஆனாலும் சொன்னார். சொன்னபோது அவருக்குப் பின்னால் அமைச்சரவையும் தளபதியும் நின்றார்கள்.

கடைசியாக ஒரு தகவல். 1933 ஜூலை முதல் வாரத்தில் பின்லாந்தில் பொதுத்தேர்தல் நடந்தது. மேன்ட்சேலாவில் பேசவிடாமல் சுடப்பட்டதே, அந்தச் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 200 இடங்களில் 78 கிடைத்தன. மேன்ட்சேலாவின் வழிவந்த புதுக் கட்சிக்கு 14. இரண்டு கட்சியும் ஒரே அவையில் போய் உட்கார்ந்தன. அதே மாதம் 14ஆம் தேதி ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது: இந்த நாட்டில் இனி ஒரே ஒரு கட்சிதான்.